நான்கு பேர் டென்ட்டில் நான்கு பேர் படுக்க முடியுமா? குடும்பத்தோடு கூடாரம் போடும் முன் கவனிக்க வேண்டியவை

கோடை விடுமுறை நெருங்கினால் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது புதிதாக ஒரு கேள்வி எழுகிறது. “இந்த முறை லாட்ஜ் வேண்டாம், டென்ட் போட்டுத் தங்கலாமா?” பிள்ளைகள் உடனே கை தூக்குகிறார்கள். பெரியவர்கள் யோசிக்கிறார்கள். யாரோ ஒருவர் ஆன்லைனில் தேடி, விலை குறைவான ஒன்றை ஆர்டர் போட்டுவிடுகிறார். தவறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலை பக்கத்தில் உள்ள ஆவூர் போன்ற ஊர்களுக்கு வெளியில் படுப்பது புதிதல்ல. பழைமையான பெரியநாயகி மாதா கோயிலும் பாஸ்கா திருவிழாவும் ஆவூரின் அடையாளங்கள். திருவிழாவுக்கு உறவுக்கூட்டம் வந்தால் வீடு நிரம்பும். அடுத்து திண்ணை, மொட்டை மாடி, களம். பாயும் தலையணையும் இருந்தால் போதும். ‘டென்ட்’ என்ற சொல்லும் நமக்குப் பழகியதுதான். 1905-ல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிய சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். டென்ட் கொட்டகை என்ற பெயர் அப்படித்தான் நம் ஊர்களில் நிலைத்தது.

ஆனால், நான்கு பக்கமும் அடைத்த ஒரு துணி அறைக்குள் குழந்தைகளோடும் தாத்தா பாட்டியோடும் இரவு முழுக்கத் தங்குவது வேறு கதை. அதனால் விலையைப் பார்க்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். எங்கே போடப்போகிறோம்? எந்த மாதத்தில்? யார் யார் வருகிறார்கள்?

பாய் விரித்துக் கணக்குப் போடுங்கள்

பெட்டியில் ‘4 பேர்’ என்று எழுதியிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று பொருள். பைகள், செருப்பு, தண்ணீர் கேன் எதற்கும் அதில் இடம் கிடையாது. பல நிறுவனங்கள் ஓர் ஆளுக்குச் சுமார் 60 செ.மீ. அகலம், அதாவது இரண்டடிதான் ஒதுக்குகின்றன. நம் கோரைப்பாய்களில் பல அதைவிட அகலமானவை.

இதைச் சோதிக்கக் கடைக்குப் போக வேண்டாம். வாங்க நினைக்கும் டென்ட்டின் நீள அகலத்தை வீட்டு ஹாலில் சாக்பீஸால் கோடு போடுங்கள். குடும்பத்தோடு அதற்குள் படுத்துப் பாருங்கள். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் ‘6 பேர்’ அளவுதான் சரியாக வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் உயரமும் முக்கியம். குனிந்து, தவழ்ந்து வெளியே வர வேண்டிய டென்ட், மூட்டுவலி உள்ளவருக்குத் தண்டனை. நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு, ஆறடி உயரமாவது நடுவில் இருக்கட்டும். இரவில் எழுந்து போகிறவர் வாசலோரம் படுக்கட்டும். இரண்டு வாசல் உள்ள டென்ட் கிடைத்தால் யாரும் யாரையும் மிதிக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டம் என்றால் ஒரே பெரிய டென்ட் ஆசை வேண்டாம். அதற்குச் சமதளமான பெரிய இடம் வேண்டும். ஒரு கம்பி உடைந்தால் எல்லோரும் வெளியே. நடுத்தர அளவில் மூன்று டென்ட்டுகளை வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி போட்டால், நடுவில் ஒரு முற்றம் கிடைத்துவிடும்.

மழைக்குக் குகை சொல்லும் பாடம்

புதுக்கோட்டை வட்டாரம் சமணர் படுக்கைகளுக்குப் பெயர் பெற்றது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் பாறையில் செதுக்கிய படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். தமிழகத்தின் பல சமணக் குகைத்தளங்களில் நெற்றிப் பகுதியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து பாறையில் வழிந்து வரும் மழைநீர் உள்ளே இறங்காமல் வெளியே சொட்டுவதற்கான ஏற்பாடு அது.

நல்ல டென்ட்டின் வேலையும் இதுதான். உள்ளே வலைத்துணி, அதற்கு மேல் இடைவெளி விட்டு ஒரு மழைத்துணி என இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். மேல்துணி வாசலைத் தாண்டி வெளியே நீண்டு, ஏறக்குறைய தரை வரை இறங்க வேண்டும். ஒற்றை அடுக்கு டென்ட்டில் மழையே பெய்யாவிட்டாலும் விடியற்காலையில் உள்ளே நீர் சொட்டும். உறங்குபவர்களின் மூச்சுக்காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராவதுதான் காரணம். இரண்டு அடுக்கு இருந்தால் அந்த ஈரம் வலை வழியே மேலேறி, மேல்துணியிலேயே தங்கிவிடும்.

விவரக்குறிப்பில் 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று எண்கள் இருக்கும். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்பதன் அளவு அது. தூறலுக்கு 1,500 தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேல்துணி 2,000 முதல் 3,000 வரை இருப்பது நல்லது. முழங்காலும் உடல் எடையும் அழுத்துவதால் தரைத்துணிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். தையல்கள் உள்பக்கம் டேப் ஒட்டி அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். தண்ணீர் முதலில் நுழையும் வழி தையல் ஓட்டைதான்.

வெயில், காற்று, செம்மண்

வெளிநாட்டு வீடியோக்கள் குளிருக்கு டென்ட் தேடச் சொல்லும். நம் சமவெளியில் பகை வெயில்தான். காலை எட்டு மணிக்கே பூட்டிய கார் போல டென்ட் கொதிக்கும். ஆகவே நான்கு பக்கமும் பெரிய வலை ஜன்னல்கள், மேலே காற்று வெளியேறும் திறப்பு, வெளிர் நிறத் துணி ஆகியவை முக்கியம். நிழலில் போடுங்கள். ஆனால் தென்னை, பனை மரத்தடியிலும், பட்ட கிளைகள் உள்ள மரத்தடியிலும் வேண்டாம்.

காற்று என்ன செய்யும் என்பதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதன் கீழ் இரவுகளைக் கழித்த குடும்பங்கள் இங்கே ஏராளம். கயிறு தளர்ந்தால் எந்தத் துணியும் நிற்காது என்பது அவர்கள் அனுபவம். குவிமாடம் போன்ற டென்ட் காற்றை வழுக்கி விடும். நேர்ச்சுவர் உள்ள அறை போன்ற டென்ட்டில் இடம் தாராளம், காற்றுக்கு எதிர்ப்பும் அதிகம். தோப்புக்கு அது சரி, மலை உச்சிக்கு உதவாது.

டென்ட்டோடு வரும் மெல்லிய முளைகள் காய்ந்த செம்மண்ணிலும் செம்பாறைத் தரையிலும் வளைந்துவிடும். உள்ளூர் கொல்லுப் பட்டறையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்பு முளைகள் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். முளை இறங்காத பாறையில் கல் நிரப்பிய சாக்குகளில் கயிற்றைக் கட்டலாம். காய்ந்த ஓடை, கண்மாயின் கலிங்கு வழி ஆகியவை சமதளமாக, மணல் மெத்தையாக இருந்தாலும் அங்கே போடக் கூடாது. எங்கோ பெய்த மழை இரவில் அங்கே வந்து சேரும்.

உள்ளே நெருப்பு கூடவே கூடாது

டென்ட் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது நைலான். தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டும். உள்ளே அடுப்பு, மெழுகுவத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் வேண்டாம். கொசுவுக்கு வலை போதும். வாசல் ஜிப்பை மூடும் பழக்கம்தான் முக்கியம். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைப்பது இன்னும் ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே போய்விடலாம். சமையல் வெளியே, டென்ட்டிலிருந்து தள்ளி, காற்று போகும் திசையில் நடக்கட்டும்.

இடம் யாருடையது?

2021 ஜனவரியில் கேரளத்தின் வயநாடு, மேப்பாடியில் டென்ட்டில் தங்கியிருந்த ஓர் இளம்பெண் இரவில் யானை தாக்கி இறந்தார். அவர் தங்கியது காட்டை ஒட்டிய விடுதியில். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எவ்வளவு விலை உயர்ந்த டென்ட்டும் யானையையோ தீயையோ தடுக்காது.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். மலையேற விரும்புவோருக்கு வனத்துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தது. இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்லலாம். தனியார் விடுதி என்றால் முன்பணம் கட்டும் முன், டென்ட் தங்கலுக்கு அனுமதி உண்டா, இரவுக் காவல் உண்டா, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். சித்தன்னவாசல், நார்த்தாமலை போன்ற தொல்லியல் இடங்களைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புவதே முறை.

முதல் இரவு சொந்த ஊரில்

முதல் முறையே சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது செலவைக் குறைக்கும். வாங்கியாகிவிட்டது என்றால், முதல் இரவு சொந்தத் தோப்பிலோ உறவினர் வயலிலோ கழியட்டும். ஆவூர் போன்ற ஊர்களில் அதற்கு இடத்துக்குக் குறைவில்லை. வெளிச்சம் இருக்கும்போது ஒருமுறை, டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை கட்டிப் பாருங்கள். இரண்டு குடம் தண்ணீரை மேலே ஊற்றி எங்கே கசிகிறது என்று கவனியுங்கள். பாட்டிக்கு மூச்சு முட்டினாலோ, சின்னவன் பயந்து அழுதாலோ, வீடு பத்தடி தூரத்தில் இருக்கும்.

திரும்பியதும் டென்ட்டை நிழலில் நன்றாக உலர்த்தி மடித்து வையுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து, நீர் தாங்கும் பூச்சு உரிந்துவிடும். நாள் கணக்கில் வெயிலில் விட்டாலும் துணி நைந்துபோகும்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

• படுப்பவர் எண்ணிக்கையோடு இரண்டு பேர் கூட்டி அளவு பாருங்கள்
• இரண்டு அடுக்கு, டேப் ஒட்டிய தையல், தொட்டி போல ஓரம் உயர்ந்த தரைத்துணி
• கூடுதல் கயிறு, இரும்பு முளை, சுத்தியல்
• கம்பி உடைந்தால் ஒட்டுப்போட ஒரு சிறு குழாய், பிளாஸ்டர்
• ஆளுக்கொரு டார்ச், முதலுதவிப் பெட்டி
• பக்கத்து அரசு மருத்துவமனையின் தூரம், 108 அழைக்க சிக்னல் கிடைக்கும் இடம்
• மழையோ காற்றோ வலுத்தால் ஓடி ஒதுங்க ஒரு கட்டடம் அல்லது வண்டி

கடைசியாக உள்ளதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் உறுதி செய்ய வேண்டியது அதைத்தான்.