பால் மரத்துக்கு முன் கோப்பி மரம்



ஈப்போ வெள்ளைக் கோப்பியின் பெயர் இன்று கடல் கடந்தும் தெரியும். ஆனால் கோப்பிக்கும் பேராக் தோட்டத் தமிழருக்கும் என்ன உறவு என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். "நம் பாட்டன்மார் பால் மரம் வெட்டத்தானே கப்பலேறி வந்தார்கள்?" என்போம். அது பாதி உண்மைதான். அவர்களில் முன்னே வந்தவர்கள் இறங்கிய இடம் கிரியான் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களும் கோப்பித் தோட்டங்களுமே.

இந்தக் கதையை நேரில் பார்த்து அறிய ஒரு நாள் பயணம் போதும். ஈப்போவிலிருந்து தைப்பிங் போகும் வழியில் கோல கங்சார் இருக்கிறது. அங்கே மாவட்ட அலுவலகத்தருகே ஒரு முதிய கித்தா மரம் வேலிக்குள் நிற்கும். 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் 9 கோல கங்சாருக்குக் கொண்டுவரப்பட்டன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோ அவற்றை நட்டார். அவற்றுள் எஞ்சியது இந்த ஒன்று. ஆனால் அதற்குப் பிறகும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கித்தாவைப் பணப்பயிராக எவரும் பெரிதாக எண்ணவில்லை. தோட்டத் துரைமார்களின் கண்ணெல்லாம் கோப்பியின் மேல்தான் இருந்தது.

ஏன் தெரியுமா? 1869-இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் கண்டது. இலையின் அடியில் மஞ்சள் பொடி பூத்தாற்போல் தொடங்கும். பிறகு இலைகள் உதிர்ந்து மரம் நலியும். அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அத்தீவின் கோப்பித் தொழிலே படுத்துவிட்டது. அங்கே சிலர் தேயிலைக்கு மாறினார்கள். வேறு சிலர் புது நிலம் தேடி மலாயாவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் கோப்பி வித்தையை மட்டுமா கொண்டுவந்தார்கள்? கங்காணியைத் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு அனுப்பி, முன்பணம் கொடுத்து ஆள் கட்டி வரும் முறையையும் கொண்டுவந்தார்கள். அது இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் வேரூன்றிய முறை. நம் குடும்பங்கள் பலவற்றின் கடனும் கண்ணீரும் அந்த முன்பணத்திலிருந்துதான் தொடங்கின.

இங்கே தாழ்நில வெப்பத்துக்கு ஏற்றது லைபீரியா இனக் கோப்பி. மரம் உயரமாக வளரும். இலையும் பழமும் பெரியவை. இன்றும் மலேசியாவில் விளையும் கோப்பியில் பெரும்பகுதி இந்த இனமே. 1890-களின் தொடக்கத்தில் நல்ல விலை கிடைத்ததால் காடுகள் வேகமாக அழிந்தன. பிறகு பிரேசில் நாட்டில் விளைச்சல் பெருகி உலகச் சந்தையில் விலை சரிந்தது. போதாததற்கு ஒருவகை அந்துப்பூச்சியின் புழு வந்து மரங்களை மொட்டையடித்தது. கோப்பி வரிசைகளுக்கு நடுவே கித்தாக் கன்றுகளை ஊன்றினார்கள். அவை ஓங்கி வளர்ந்து நிழல் கவித்தபோது கோப்பி தானாகவே ஒடுங்கியது. மரம்தான் மாறியது. லயமும் கங்காணியும் மாறவில்லை. பழம் பறித்த கைகள் பால் வெட்டும் கத்தியைப் பிடிக்கக் கற்றன.

இனி தைப்பிங்குக்கு வருவோம். இங்கே 1933-இல் தொடங்கிய அன்டோங் கோப்பி ஆலை இருக்கிறது. நாட்டிலேயே பழைமையான கோப்பி ஆலை என்று சொல்லப்படுவது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள்களை அடுக்கி வைத்த கூடம் என்று எண்ணிப் போக வேண்டாம். இது வேலை நடக்கும் இடம். விறகு எரிய, இரும்பு உருளைக்குள் கொட்டைகள் சுழலும். நன்கு கறுத்து வரும் பருவத்தில் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்ப்பார்கள். சர்க்கரை பாகாகி ஒவ்வொரு கொட்டையையும் பூசிக்கொள்ளும். சூட்டோடு தட்டில் கொட்டினால் ஆறியதும் கற்கண்டுப் பாளம்போல் இறுகிவிடும். அதை உடைத்துத்தான் அரைக்க வேண்டும். நம் கோப்பி ஓவின் கருநிறமும் லேசான கருகல் மணமும் இந்தப் பாகிலிருந்து வருகின்றன.

ஈப்போவின் வெள்ளைக் கோப்பி இதற்கு நேர்மாறு. அதில் சர்க்கரை சேர்ப்பதில்லை. மார்ஜரினை மட்டும் சேர்த்து, கறுக்க விடாமல் வறுப்பார்கள். ஆகவே 'வெள்ளை' என்பது பாலினால் வந்த பெயர் என்று நினைப்பது தவறு. எனக்கு இரண்டுமே பிடிக்கும். ஆனால் விடியுமுன் பெரட்டுக்குப் போகும் முன்னே லயத்து அடுப்படியில் குடித்தது வரக்கோப்பிதான். அந்த வாசனை அந்த ஆலையின் வாசலிலேயே எதிர்கொள்ளும்.

வறுக்கும் வேளையைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. வேலையில்லாத நேரம் போனால் வெறும் உருளையைத்தான் பார்க்கலாம். பழைய தோட்டத்துப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள். கோல கங்சார் மரத்தடியில் சற்று நின்று, தம் குடும்பம் எந்த ஆண்டு, எந்தப் பயிருக்காக வந்தது என்று அவரிடம் கேளுங்கள்.