உங்களுக்குத் தெரியுமா? மாத்தளை மலையும் மூன்று கோடுகளும்

மாத்தளையில் மலையோரம் குடியிருப்பவர்கள் மனப்பாடமாய் வைத்திருக்க வேண்டிய எண்கள் மூன்று: 75, 100, 150. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தொட்டால் வெளியேறத் தயாராகிவிட வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வீட்டில் இருக்கவே கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரித்துச் சொல்வது இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவப் பக்கம் ஒரே நாளில் பெய்த மழை 500 மில்லிமீற்றருக்கும் மேல். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். அப்படியானால் அன்று ஒவ்வொரு சதுர மீற்றரிலும் விழுந்தது அரை தொன். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதில் பெரும் பங்கு மலைநாட்டுடையது.

இந்த மழையை அளக்கும் மழைமானியைக் கடையில்தான் வாங்க வேண்டுமா? வீட்டிலேயே செய்யலாம். வரி வரியாய் மடிப்பில்லாத, பக்கங்கள் நேராக இருக்கும் ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று போதும். கழுத்து விரிந்து முழு அகலத்துக்கு வரும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்துண்டைக் கவிழ்த்து, புனல் போல வாயில் வையுங்கள். போத்தலின் அடி வளைந்திருக்கும். அதனால் சிறு கற்களைப் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியம் என்று ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து அடிமட்டத்தால் அளந்து ஏழரை சென்ரிமீற்றரில் மஞ்சள், பத்தில் செம்மஞ்சள், பதினைந்தில் சிவப்பு. கோடுகளை நகப்பூச்சால் போட்டால் மழைக்கு அழியாது. கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெளியில், காற்றுக்குச் சாயாமல் கம்போடு கட்டி வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டுச் சுழியக் கோடுவரை தண்ணீரை இறக்கிவிடுங்கள். இந்த வேலையை வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நாளும் தவறாது. நடு இரவில் மின்சாரமும் சிக்னலும் போன பிறகு, டோர்ச் வெளிச்சத்தில் பார்க்கக் கிடைக்கும் எச்சரிக்கை இந்தப் போத்தல் ஒன்றுதான்.

முந்தைய நாட்களிலும் மழை பெய்து மண் ஊறியிருந்தால் கோடு எட்டும்வரை காத்திருக்காதீர்கள். ஊறிய மண்ணுக்குச் சிறு மழையே போதும்.

மலை சரிவதற்கு முன்னால் பெரும்பாலும் அறிகுறி காட்டும். சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு. நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகுவது. நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாய்வது. இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று திடீரென்று வற்றுவது, பீலித் தண்ணீர் கலங்கி வருவது. இவற்றில் மிகவும் ஆபத்தானது, பார்க்க நல்ல சேதி போலவே இருக்கும்: மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, ஓடையில் மட்டும் தண்ணீர் சட்டென்று குறைவது. மேலே எங்கேயோ மண் விழுந்து அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் கல்லும் மரமுமாய் வரும். அந்த நேரத்தில் ஓடைப் பக்கமே போகக் கூடாது. ஓடை வழியே கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலகி மேட்டுக்குப் போக வேண்டும்.

மழை விட்டதும் வீட்டுக்குத் திரும்பலாமா? கூடாது. உள்ளே இறங்கிய தண்ணீர் மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் வேலை செய்துகொண்டேயிருக்கும். வெயில் அடித்த பிறகு சரிந்த மலைகள் உண்டு. அதிகாரிகள் வந்து பார்த்துச் சொல்லும்வரை பொறுங்கள். வெளியேறும்போது மாட்டை அவிழ்த்து விடுங்கள், கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கதவுக்குப் பின்னால் மாட்டி வைக்க வேண்டிய பை: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் காகிதங்கள், கிளினிக் கொப்பி, பிரஷர், சீனி மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு, மூக்குக் கண்ணாடி, டோர்ச், பற்றரி ரேடியோ. காகிதங்களைப் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்.

தேயிலை மலையில் கான் வெட்டுவது வெறும் தோட்ட வேலை அல்ல. மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் வெளியே கொண்டுபோவது கான்தான். கைவிடப்பட்ட மலைகளில் கான் தூர்ந்து கிடந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருக்கும் மலை யார் பொறுப்பில் இருக்கிறது, அதன் கான் கடைசியாக எப்போது வெட்டப்பட்டது என்று கேட்பதும் முன்னேற்பாடுதான்.

மாத்தளை மாவட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தெற்கே ரத்தோட்டை, உக்குவளை மலைகள் ஈரத்தில் ஊற, வடக்கே தம்புள்ளை, கலேவெல வறண்ட வலயத்தில் கிடக்கின்றன. அங்கே முதல் கவலை குடிதண்ணீர். கூரை மழையைப் பிடிக்கும் தொட்டிதான் அந்த வீடுகளின் காப்பு.

வெள்ளம் வடிந்த பிறகு வருவது எலிக்காய்ச்சல். 2008இல் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு அது பரவியபோது அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. வயலிலோ சேற்றிலோ இறங்குவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்ட பிறகும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மண்சரிவுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம்: பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அங்கிருந்து எழுந்து போக அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. தலைமுறை தலைமுறையாய் மலையில் உழைத்தும் காணி உறுதி இல்லாத குடும்பத்திடம் வெறுமனே “வெளியேறு” என்பது பாதி எச்சரிக்கைதான். போக வேண்டிய இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் பிரிவுக்குக் குறித்திருக்கும் பாதுகாப்பு நிலையம் எது, அந்தக் கட்டடமே சரிவுக்குக் கீழே இல்லைதானா என்பதை மழைக்காலத்துக்கு முன்பே கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. டித்வா நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்துக்கு வரவில்லை என்ற குறை பலமாக எழுந்தது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. சிங்களத்தில் மட்டும் அறிவித்தல் வந்தால், தமிழில் சொல்லுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.