இரு விசையால் ஓடும் விரைவுக் கார்

பெட்ரோல் எஞ்சின், மின் மோட்டார் ஆகிய இரண்டின் விசையாலும் ஓடும் காரை ‘ஹைபிரிட்’ கார் என்று வழங்குகிறோம். இது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. 1900ஆம் ஆண்டு வாக்கிலேயே வியன்னா நகரின் லோனர் தொழிற்சாலையில், பெர்டினாண்டு போர்ஷே என்னும் இளம் பொறியாளர் இத்தகைய வண்டி ஒன்றை உருவாக்கினார். எண்ணம் பழையதாயினும், அவ்வகையில் விரைவுக் கார் ஒன்றை அமைக்கப் புகுவோர்க்கு எழும் முதல் வினா இன்றும் மாறவில்லை. எந்த எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது?

பெரிய எஞ்சினைப் பொருத்தினால் விரைவு தானே வரும் என்று நம்மில் பலர் கருதக்கூடும். சற்று ஆராய்ந்து பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதன் திருப்பு விசை குறைவு. சுழற்சி கூடும்போதுதான் அது வலிமை பெறும். மின் மோட்டாரோ, நின்ற நிலையிலிருந்தே முழுத் திருப்பு விசையையும் தர வல்லது. ஆகவே, வண்டியைக் கிளப்பும் வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்டால், எஞ்சின் சிறியதாக இருந்தாலும் குறைவில்லை.

ஆனால், மோட்டாருக்கு உணவளிக்கும் மின்கலம் கனமானது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. லித்தியம் மின்கலத் தொகுதியிலோ கிலோவுக்கு 0.1 முதல் 0.2 கிலோவாட் மணி அளவே அடங்கும். எஞ்சின் தன் ஆற்றலில் பெரும் பகுதியை வெப்பமாக இழந்துவிடுகிறது என்பதைக் கணக்கிட்டாலும் வேறுபாடு மிகப் பெரிது. எடை கூடினால் வலுவான தடைகளும் அகன்ற சக்கரங்களும் வேண்டும். அவை எடையை மேலும் கூட்டும். வளைவில் திரும்பும்போது வண்டியை வெளிப்புறம் தள்ளுவதும் இவ்வெடையே. எனவே, இஃது ஓட்டுபவரின் உயிரைப் பற்றிய கணக்குமாகும்.

இக்கணக்கை ஜெர்மனியில் இரு நிறுவனங்கள் இரு வகையாகத் தீர்த்தன. 2014 முதல் 2020 வரை பி.எம்.டபிள்யூ. நிறுவனம் செய்த ஐ8 காரில், 1.5 லிட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட சிறிய எஞ்சின் பின்சக்கரங்களை இயக்கியது. அதன் திறன் 231 குதிரைத் திறன். முன்சக்கரங்களை 131 குதிரைத் திறன் கொண்ட மோட்டார் இயக்கியது. கனமான மின்கலத்தை வண்டியின் நடுவே தாழ வைத்தனர். பயணிகள் அமரும் கூட்டைக் கரி இழையால் அமைத்தனர். இதனால் எடை 1,485 கிலோவுடன் நின்றது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் அது எட்டியது.

போர்ஷே நிறுவனத்தின் 918 ஸ்பைடர் காரிலோ, 4.6 லிட்டர் எஞ்சின் மட்டுமே 608 குதிரைத் திறனைத் தந்தது. மோட்டார்களும் சேர்ந்தபோது மொத்தம் 887. 2013இல் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை அது 6 நிமிடம் 57 விநாடியில் சுற்றி வந்தது.

இவ்விரண்டில் எது சிறந்தது? நோக்கத்தைச் சொல்லாமல் இதற்கு விடை கூற இயலாது. சாலையில் முந்துவதும் நிற்பதும் மாறி மாறி வரும். தடை போடும்போதெல்லாம் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, மின்கலத்தை ஓரளவு நிரப்பும்; ஆகையால் அங்கே சிறிய எஞ்சின் போதும். பந்தயத் தடத்திலோ செலவு மிகுதி, வரவு குறைவு. மின்கலம் வெறுமையானபின், பயன்தராத அச்சுமையையும் சேர்த்து எஞ்சின் தனியே இழுத்தாக வேண்டும்.

ஆகவே மாணவர்களே, உங்கள் கல்லூரிப் பட்டறையில் இத்தகைய கார் ஒன்றை வரைய முற்படும் நாளில், முதலில் எஞ்சின் பட்டியலைப் புரட்டாதீர்கள். வண்டி எங்கே, எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று எழுதுங்கள். அதற்கேற்ற மின்கலத்தின் எடையைக் கணக்கிட்டு, அதைத் தாழ்வாகவும் நடுவிலும் வைக்க இடம் ஒதுக்குங்கள். பின்னர், மின்கலம் தீர்ந்த வேளையிலும் அவ்வண்டியை இழுக்கத்தக்க எஞ்சின் எது என்று கேளுங்கள். அந்த விடையே நீங்கள் தேடும் எஞ்சின்.