மெழுகுவத்தியை அணைத்தால் குற்றமா?

வீட்டில் மின்சாரம் போய்விட்டால் நம் கை முதலில் எதைத் தேடுகிறது? தீப்பெட்டியையும் மெழுகுவத்தியையும்தான். பழைய சாவிகளுக்கும் நூல்கண்டுக்கும் நடுவே ஒரு துண்டு மெழுகுவத்தி இல்லாத இழுப்பறை நம் வீடுகளில் குறைவு. அந்தச் சாதாரணப் பொருளைக் கண்டு ஒரு தாய் நடுங்கிப்போனதை நான் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சென்ற ஆண்டு ஒரு நாள், பள்ளி விட்டுப் பிள்ளைகள் வேனில் ஏறிக்கொண்டிருந்த நேரம். என் மாணவி ஒருத்தியின் தாயார் கையில் பையோடு வந்து நின்றார். பக்கத்துப் பட்டணத்தில் துப்புரவு வேலை செய்பவர். பையில் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிய நான்கு மெழுகுவத்திகள்: பச்சை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொன்றின் மேல்மெழுகிலும் ஊசியால் கீறிய எழுத்துகள். ஐந்தாவது, வெள்ளை நிறத்தது, வீட்டில் எரிந்துகொண்டிருந்தது. பாட்டி அதற்குக் காவல்.

கைத்தொலைபேசி வழியாக ஒருவரிடம் 280 வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறார். வீட்டை விட்டுப் போன கணவர் திரும்பி வருவதற்காக. 'ஐரோப்பிய விக்கா முறை' என்று சொல்லி விற்றார்களாம். ஒன்று முடிய ஒன்றாக ஒன்பது இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டுமாம். நடுவில் அணைத்தால் செய்த வினை பிள்ளையின் மேல் திரும்புமாம். இரண்டாம் இரவு தீ படபடவென்று ஆடியிருக்கிறது. அதைக் கேட்டபோது, "கண்ணேறு பலமாக இருக்கிறது, இன்னும் ஐந்து வாங்க வேண்டும்" என்று பதில் வந்திருக்கிறது.

"டீச்சர், ரெண்டு ராத்திரியா கண்ணு மூடல. நாளைக்கு நான் வேலைக்குப் போவணும், அம்மாவுக்குக் கண்ணும் சரியில்ல. அணைச்சா பிள்ளைக்கு ஆகாதாமே, நெசமா?"

"சாயங்காலம் வீட்டுக்கு வரேம்மா" என்று சொல்லி அனுப்பினேன். சிரித்து ஒதுக்கிவிட முடியவில்லை. 'எல்லாம் மூடநம்பிக்கை' என்று பிரசங்கம் செய்தால் அன்றிரவு அவர் தூங்குவாரா? அந்தச் சடங்குக்கு உரியவர்களே அணைப்பதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தால் அல்லவா அவருக்கு நிம்மதி! விக்கா என்ற சொல் எனக்குப் புதிதல்ல. ஜொகூர் வரலாற்றைப் படிக்கும்போது முன்பே கண்டிருக்கிறேன். ஜொகூருக்கும் இங்கிலாந்துச் சூனியத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

விக்கா என்பது இங்கிலாந்தில் தோன்றிய ஒரு புதிய சமயம். அதை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்ட்னர். வாசகர்களே, இந்த மனிதர் நம் நாட்டில் ரப்பர்த் தோட்டத்துத் துரையாக இருந்தவர்! 1884ஆம் ஆண்டு லிவர்பூல் நகருக்கு அருகே பிறந்தார். ஆஸ்துமா நோயினால் பள்ளிக்கூடப் படிப்பு சரியாக அமையவில்லை. தாமாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாராம். (ஆசிரியையாகிய எனக்கு இதை எழுதச் சற்றுக் கூச்சம்தான்.) 1900இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். பிறகு போர்னியோ. 1911இல் மலாயா. ரப்பர்த் தோட்டங்களில் வேலை பார்த்து, 1923 முதல் ஜொகூரில் ரப்பர்த் தோட்டங்களைப் பார்வையிடும் அரசாங்க அதிகாரியாக இருந்தார். நம் பாட்டன்மார் பால் வெட்டிய காலத்தில் இந்தத் துரை காடும் கம்பமுமாக அலைந்து, கத்திகளைச் சேகரித்து, பூசாரிகளையும் பொமோக்களையும் பார்த்து விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். கெரிஸ் முதலிய மலாய் ஆயுதங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1936இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. அதே ஆண்டு ஓய்வு பெற்று ஊர் திரும்பினார்.

1939இல் தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் வட்டாரத்தில் பழைய சூனியக்காரிகளின் குழு ஒன்று தம்மைச் சேர்த்துக்கொண்டதாக அவர் சொன்னார். சூனியம் பற்றிய 1735ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் 1951இல்தான் நீக்கப்பட்டது. அதன்பின் 1954இல் தம் கொள்கையை விளக்கிப் புத்தகம் எழுதினார். 1953இல் அவரிடம் சேர்ந்த டோரீன் வாலியன்டி என்ற பெண்மணி சடங்கு வாசகங்களில் பெரும்பகுதியைத் திருத்தியும் புதிதாகவும் எழுதிக் கொடுத்தார். ஆதிகாலத்திலிருந்து அறுபடாமல் வந்த மதம் இது என்று கார்ட்னர் சொன்னதை வரலாற்று ஆசிரியர்கள் ஏற்பதில்லை. ரொனால்டு ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இதை இக்காலத்துச் சமயமாகவே காட்டுகிறார். விக்காவினர் பலரும் இன்று அதை ஒப்புக்கொள்கிறார்கள்.

இவர்கள் பிசாசை வணங்குகிறவர்கள் அல்லர். ஒரு தேவியையும் கொம்புடைய ஒரு தேவனையும் இயற்கையின் வடிவமாக வணங்குகிறார்கள். ஆண்டுக்கு எட்டுத் திருநாள்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 11,766 பேர் தங்கள் சமயம் விக்கா என்று பதிந்தார்கள். அமெரிக்காவில் 1986இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சமயம் என்றே ஏற்றது.

இனி மெழுகுவத்திக்கு வருவோம்.

வழிபாட்டு மேடையில் மெழுகுவத்தி இருக்கும். தரையில் வட்டம் அமைத்து நான்கு திசையிலும் ஒவ்வொன்று வைப்பார்கள். கிழக்கு காற்றுக்கு, தெற்கு நெருப்புக்கு, மேற்கு நீருக்கு, வடக்கு மண்ணுக்கு. பிப்ரவரி தொடக்கத்தில் வரும் திருநாளில் விளக்கொளிக்குத் தனி இடம் உண்டு. குளிர்நாட்டில் பகல் நீளத் தொடங்கும் காலம் அது. கிறிஸ்தவத் திருச்சபையிலும் பிப்ரவரி 2ஆம் நாள் மெழுகுவத்திகளை ஆசீர்வதிக்கும் பழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் அதை 1548இல் அரசு தடுத்தது. ஆனால் ஐரோப்பாவில் பல ஊர்களில் ஆசீர்வதித்த மெழுகுவத்தியைப் பத்திரப்படுத்தி, இடி மின்னலின்போதும் உயிர் பிரியும் தறுவாயிலும் ஏற்றினார்கள்.

இது வழிபாடு. ஒரு காரியம் கைகூட ஏற்றுவது வேறு. அதற்குத் தனி முறை இருக்கிறது. காரியத்துக்கு ஏற்ற நிறத்தில் மெழுகுவத்தி எடுப்பார்கள். சிவப்பு தைரியத்துக்கும் காதலுக்கும், வெள்ளை தூய்மைக்கு, கறுப்பு தீயதை விரட்ட. பச்சை பணத்துக்கு. அமெரிக்க நோட்டு பச்சை நிறம் என்பது நினைவிருக்கட்டும். நம் ஊரில் ஐந்து வெள்ளிதான் பச்சை, அதற்கு மேல் வராதோ என்னவோ! உரிய நிறம் கிடைக்காவிட்டால் வெள்ளையே எதற்கும் போதும் என்பதும் அவர்கள் விதிதான். அடுத்து, வேண்டுவதைக் கத்தியாலோ ஊசியாலோ மெழுகில் கீறுவார்கள். எண்ணெய் தடவுவார்கள், வரவேண்டியதற்குத் தன்னை நோக்கி, போகவேண்டியதற்கு எதிர்ப்பக்கம். பிறகு ஏற்றி, சுடரைப் பார்த்து, வேண்டியதை மனத்தில் அசையாமல் நிறுத்துவார்கள். மெழுகுவத்தி மனத்துக்கு ஒரு பிடிமானம், காரியம் செய்வது மனம் என்பதே பலருடைய விளக்கம். நம் அம்மாமார் விளக்கின் முன் கண்மூடி நிற்கும்போது செய்வதிலிருந்து இது வெகுதூரமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு விதமாக நினைப்பவர்கள் என்னை மன்னிக்க.

இந்தக் கலர் மெழுகுவத்தி முறை முழுவதும் கார்ட்னரிடமிருந்து வந்ததல்ல. இங்கிலாந்துக் கிராமத்துப் பெண்கள் எரியும் மெழுகுவத்தியில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி, ஊசிவரை எரிவதற்குள் காதலன் வருவான் என்று காத்திருந்தார்கள். ஆனால் நிறம், எண்ணெய், கண்ணாடிக் குவளை எல்லாம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'ஹூடூ' வழக்கத்தில் செழித்தவை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் இந்தச் சடங்குகளில் தாமே சேர்ந்து பார்த்து எழுதியவர் எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன். அவருடைய நூல் 1935இல் வந்தது. 1942இல் ஹென்றி கமாஷ் என்ற பெயரில் மெழுகுவத்தி ஏற்றும் முறைகள் பற்றி ஒரு கைந்நூல் நியூயார்க்கில் வெளியாயிற்று. அதன்பின் ரேமண்ட் பக்லாண்டு. இவர் கார்ட்னரின் வழியில் தீட்சை பெற்று, அமெரிக்காவுக்கு விக்காவைக் கொண்டுபோனவர். மெழுகுவத்திச் சடங்குகளுக்கென்றே 1970இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு சடங்கையும் இரண்டு விதமாகக் கொடுத்திருக்கிறார்: ஒன்று கிறிஸ்தவர்களுக்கு, ஒன்று பழைய மதத்தாருக்கு.

நான் தேடியது அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது. அதிலுள்ள பல சடங்குகளில் மெழுகுவத்தியை ஏற்றி, வாசகத்தைப் படித்து, சற்று நேரம் அமர்ந்து, பிறகு அணைத்துவிடச் சொல்கிறார். அடுத்த தடவை மறுபடி ஏற்ற வேண்டும். வேண்டுபவருக்குரிய மெழுகுவத்தியைச் சிறிது சிறிதாக மற்றொன்றின் அருகே நகர்த்த வேண்டும். அணைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்ற பேச்சே இல்லை. ஒரே மூச்சில் எரிந்து தீரவேண்டிய சடங்குகளும் உண்டுதான். அவற்றுக்குச் சின்ன மெழுகுவத்தி எடுத்தால் போதும் என்பார்கள். வாயால் ஊதாமல் மூடி போட்டு அணைக்க வேண்டும் என்று சிலர் விதி வைத்திருக்கிறார்கள். நாமும் விளக்கை வாயால் ஊதுவதில்லை அல்லவா?

இன்னொன்றும் கண்டேன். யாருக்கும் தீங்கில்லாத வரையில்தான் விரும்பியதைச் செய்யலாம் என்பது விக்காவினரின் தலையாய நெறி. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் மனத்தைத் திருப்பச் சடங்கு செய்வதே அதற்கு மாறானது என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். அப்படியிருக்க, குழந்தையைப் பணயமாக வைத்து ஒரு தாயை மிரட்டுவது எந்த விக்கா?

அன்று மாலை லயத்து வீட்டுக்குப் போனேன். பலகைச் சுவர். துணி போட்ட மேசை. அதன்மேல் அந்த வெள்ளைக் குவளை. ஒரு முழ தூரத்தில் சன்னல் சீலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சுடரும் ஆடிற்று. பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் சன்னலைச் சாத்தினேன். சுடர் நின்றது.

"பாத்தீங்களா பாட்டி, கண்ணேறு இல்ல, காத்து" என்றேன்.

பிறகும் லேசாகப் படபடத்தது. திரி கட்டைவிரல் நகத்தைவிட நீளமாக வளர்ந்து கரிந்திருந்தது. அதுதான் காரணம். கொல்லன் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகி, பெரிய விஞ்ஞானியான மைக்கேல் பாரடே, 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் விடுமுறையில் லண்டனில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஆறும் ஒரே ஒரு மெழுகுவத்தியைப் பற்றி! சூட்டில் மெழுகு உருகுகிறது. உருகியது மண்ணெண்ணெய் விளக்கில் ஏறுவதுபோல் திரி வழியே ஏறுகிறது. மேலே ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. திரி நீண்டால் மெழுகு அதிகமாக ஏறும், முழுதும் எரியாமல் புகையும், சுடர் துள்ளும். திரியைக் கால் அங்குலத்துக்குக் கத்தரித்து வைத்தால் அமைதியாக எரியும். கண்ணாடிக் குவளை மெழுகுவத்தியை நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரியவிடக் கூடாது என்று தயாரிப்பவர்கள் பலர் அட்டையிலேயே அச்சடிக்கிறார்கள். அடிவரை எரிந்தால் கண்ணாடி வெடிக்கவும் கூடும். ஒன்பது நாள் அணையாமல் எரிய வேண்டும் என்பவர் அந்தப் பலகைச் சுவரைப் பார்த்தாரா?

பக்லாண்டு புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். தாயார் நம்புவதா வேண்டாமா என்று என் முகத்தையே பார்த்தார். மகள் என் அருகில் வந்து நின்றாள்.

"நான் அணைக்கவா டீச்சர்?"

தாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். பிள்ளை ஒரு தேநீர்த் தட்டை எடுத்துக் குவளையின் மேல் மூடினாள். சுடர் குறுகி, நீலமாகி, போயிற்று. தட்டை எடுத்ததும் வெள்ளைப் புகை எழுந்தது. நான் தீக்குச்சியைக் கிழித்து, திரியைத் தொடாமல் அந்தப் புகையில் காட்டினேன். தீ புகை வழியே இறங்கித் திரியில் மறுபடி பற்றிக்கொண்டது. பிள்ளை கைதட்டிச் சிரித்தாள். புகையாகத் தெரிவதும் மெழுகுதான் என்பதைப் பாரடே காட்டிய விதம் அது. பாட்டிக்கும் பிடித்துப்போய், இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மூன்று தடவை செய்தோம். பிறகு தாயாரே தட்டை வாங்கி மூடினார்.

280 வெள்ளி திரும்பவில்லை. கணவரும் இன்னும் வரவில்லை. மிச்சம் நான்கையும் என்ன செய்வது என்று கேட்டார். "கரண்ட் போனா ஏத்துங்கம்மா, பக்கத்துல ஆள் இருக்கணும்" என்றேன்.

ஆண்டிறுதி மழையில் ஓரிரவு எங்கள் தோட்டம் முழுவதும் மின்சாரம் நின்றது. மறுநாள் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் நோட்டின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு சொட்டு மெழுகு உறைந்திருந்தது. ஏழு கணக்கில் ஆறு சரி.