கலைப் பட்டதாரியின் தன்னறிமுகம்

செங்கல்பட்டு மாவட்டத்தில் வரலாறோ தமிழோ படித்துப் புதிதாகப் பட்டம் பெற்ற இளைஞர், நேர்முகத் தேர்வில் தம்மைப் பற்றிக் கூறுமாறு கேட்கப்படும்போது, கடின உழைப்பாளி, நேர்மையானவர் என்று எல்லாரும் சொல்வதையே சொல்லாமல், தாம் கற்ற கல்வி எதற்குப் பயன்படும் என்பதைச் சான்றுடன் எடுத்துரைப்பதே தகும்.

அத்தகைய சான்று மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்தில் கிடைக்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டு முருகன் கோயிலொன்றைக் குறிப்பிட்டதால், இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு மேற்கொண்டு, பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானத்தையும் அதற்கும் அடியிலிருந்த பழைய செங்கல் கோயிலையும் வெளிக்கொணர்ந்தனர்.

பழைய எழுத்துகளைப் படித்துக் காலமும் பொருளும் அறியும் கல்வெட்டியலே இதற்கு அடிப்படை. கல்லைத் துலக்கி, ஈரத்தாளைப் பரப்பி, தூரிகையால் தட்டி எழுத்துக் குழிகளில் பதித்து, மேலே மை ஒற்றினால், கருமைக்கிடையே எழுத்துகள் வெண்மையாகத் தெரியும் மைப்படி கிடைக்கிறது. அதைப் படிப்பவர் சிதைந்த எழுத்தை ஊகத்தால் நிரப்பாமல் சிதைந்தது என்றே குறிக்க வேண்டியிருப்பதால், பொறுமையும் உண்மைப் பற்றும் இங்கே தொழில் நெறிகளாகவே ஆகின்றன.

முதுகலைக்குப் பின் தொல்லியல் பட்டயப் படிப்பு, அருங்காட்சியகப் பணி, 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டிப் பணி, அரசுப் போட்டித் தேர்வுகள் என வழிகள் பலவாக இருப்பினும், சான்றைச் சோதித்துத் தெளிவாக எழுதும் திறனே இவை அனைத்துக்கும் பொதுவான தகுதியாகும்.