பூட்டிய கதவுகளும் திறவாத உள்ளங்களும்



கொரோனா காலத்துக் கட்டுப்பாடுகள் நீங்கி ஆண்டுகள் சில கடந்துவிட்டன. மகாராஷ்டிர அரசு 2022 ஏப்ரல் 2 முதல், எஞ்சியிருந்த கட்டுப்பாடுகள் அனைத்தையும் விலக்கிக்கொண்டது. மும்பையின் லோக்கல் ரயில்களில் முன்போலவே நெரிசல். ஆயினும் நம் சபைகளில் சிலருடைய இடங்கள் இன்னும் வெறுமையாயிருக்கின்றன. "பின்வாங்கிப் போனார்கள்" என்று அவர்களைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லுமுன் சற்று நிதானிப்போமாக.

அவர்கள் கடந்துவந்த பாதையை நினைத்துப்பாருங்கள். 2020 மார்ச்சில் ஆலயக் கதவுகள் அடைபட்டன. அவ்வாண்டு நவம்பர் 16 அன்று திறந்தன. 2021 ஏப்ரலில், இரண்டாம் அலையின்போது மீண்டும் அடைபட்டன. அக்டோபர் 7 அன்றுதான் மறுபடியும் திறந்தன. திறந்த கதவு மீண்டும் அடைபடக் கண்ட மனம், அடுத்த முறை திறந்ததை எளிதில் நம்புவதில்லை. ஊரிலே தகப்பன் மரித்தும், அடக்க ஆராதனைக்குச் செல்லக்கூடாமல் தாராவியின் ஒற்றை அறையிலிருந்து கைப்பேசியில் பார்த்து அழுதவர்கள் உண்டு. அந்தத் துக்கம் அரசாணையினால் நீங்கிவிடுமோ?

யோவான் 20ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கர்த்தர் உயிர்த்தெழுந்த அன்று மாலையில், சீஷர்கள் பயத்தினால் கதவுகளைப் பூட்டியிருந்தார்கள். கர்த்தர் நடுவே வந்து நின்றார், அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எட்டு நாள் கழித்து மீண்டும் கூடியிருந்தபோதும் கதவுகள் பூட்டியேயிருந்தன! உயிர்த்தெழுந்தவரைக் கண்ட கண்களுக்கும் பயம் ஒரே வாரத்தில் தெளியவில்லை. கதவைப் பூட்டியதற்காகக் கர்த்தர் அவர்களைக் கடிந்துகொண்டதாக நாம் வாசிப்பதில்லை. பூட்டிய கதவுக்குள்ளேயே வந்து, மறுபடியும் சமாதானம் கூறினார். நம்பாத தோமாவையும் மற்றவர்கள் தள்ளிவிடவில்லை. அவன் அவர்களோடேகூட இருந்தான்.

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன?

கூட்டத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களே, உங்களை நீங்களே நிந்தித்துக்கொள்ளாதிருங்கள். வீட்டிலேயே தங்கியும் விடாதிருங்கள். விலகியிருக்க விலகியிருக்கப் பயம் பெருகும். சிறுசிறு அடியாக நெருங்கினால் குறையும். முதலில் வீட்டு ஜெபக்கூட்டத்திற்குச் செல்லுங்கள். பின்பு ஞாயிறு ஆராதனையில் வாசலண்டையில் அரைமணி நேரம் அமருங்கள். முகக்கவசம் அணிந்து வந்தாலும் வாருங்கள்.

சபையாரே, அவர்களைச் சந்திக்கும்போது "ஏன் வரவில்லை?" என்று கேளாமல், "எப்படியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்நாட்களில் மரித்தோரை நினைத்து அழ இடங்கொடுங்கள். அடக்கத்தில் கூடக்கூடாமற்போன குடும்பத்தாரோடு இப்பொழுதாவது ஒரு நினைவு ஜெபம் செய்யுங்கள். லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் நம் ஆண்டவர் கண்ணீர் விட்டாரே!

உறக்கமின்மை, படபடப்பு, வாழ்வில் வெறுப்பு ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்குமானால் மருத்துவரை நாடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். இது விசுவாசக் குறைவன்று. வைத்தியனாகிய லூக்கா பவுலின் உடன் ஊழியனாயிருந்தான் என்பதை மறவாதிருங்கள்.

இந்த வாரம், வராதிருக்கும் ஒரு குடும்பத்தின் கதவை நீங்கள் தட்டுவீர்களா? பூட்டிய கதவுக்குள்ளும் பிரவேசிக்கிற சமாதானக் கர்த்தர் தாமே உங்களோடேகூட வருவாராக. ஆமென்.