கேட்டுக்கு வெளியே ஒரு கேன்டீன்

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போயிருக்கீங்களா? இட்லி வண்டி, டீக்கடை, பரோட்டாக் கடை, வடமாநிலத் தொழிலாளர்களுக்கான ரொட்டிக் கடைனு ரோட்டோரமே ஒரு கேன்டீன் மாதிரி இருக்கும். இன்டர்ன்ஷிப் போறவங்களும் அங்கதான் சாப்பிடுறாங்க. ஆனா தொழிற்பேட்டையின் லேஅவுட்டில் இந்தக் கடைகளைத் தேடினா கிடைக்காது.

இந்தப் பகுதிக்குச் சோறு போடுவது இரண்டு சமையலறைகள். ஒன்று, கம்பெனிக்கும் விடுதிக்கும் கான்ட்ராக்ட் எடுத்த பெரிய சமையலறை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைப்பதால் செலவு குறைவு. ஆனா அங்கே ஒரு தப்பு நடந்தா எல்லாரையும் ஒரே நேரத்தில் பாதிக்கும். 2021 டிசம்பரில் அதுதான் நடந்தது. ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு விஷமாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது.

இன்னொன்று, ரோட்டோரச் சமையலறை. கொஞ்சமா சமைச்சு, சில மணி நேரத்தில் வித்துடுவாங்க. தினமும் வருவது அதே முகங்கள் என்பதால், சாப்பாடு சரியில்லைன்னா மறுநாளே வியாபாரம் படுத்துடும். அதுக்காக தள்ளுவண்டி எல்லாமே சுத்தம்னு சொல்ல முடியாது. குழாய், சாக்கடை, குப்பைத்தொட்டி, கழிப்பறை எதுவும் இல்லாத இடத்தில் அந்த அக்கா மட்டும் எப்படி சுத்தமா சமைக்க முடியும்?

இதுக்குச் சட்டம் இல்லையா? இருக்கு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு நடத்தி, சான்றிதழும் இடமும் தரணும். கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் விரட்டக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களா இருக்கணும். சமூக அமைப்புகளுக்கும் இடம் உண்டு. சிக்கல் எங்கேன்னா, அந்தச் சட்டம் நகர உள்ளாட்சிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. இங்கே பல ஆலைகள் நிற்பதோ கிராம ஊராட்சி எல்லையில். வேலை நகரத்து வேலை, நிர்வாகம் கிராமத்து நிர்வாகம். நடுவில் இட்லி வண்டிக்குப் பாதுகாப்பு இல்லாம போகுது.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை மகளிர் சுய உதவிக் குழுக்கள். 2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் சமைத்தது அவர்கள்தான். 2022-ல் வந்த காலை உணவுத் திட்டத்திலும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைப்பது அவர்கள்தான். தனி ஆளா கேட்டா கிடைக்காத தண்ணீர் இணைப்பு, கடன், உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாத்தையும் குழுவா கேட்டு வாங்க முடியும். தப்பு நடந்தா யாரிடம் கேட்பதுன்னும் தெரியும்.

வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இத்தனை பேருடைய சாப்பாடு ஒரே சமையலறையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ரோடு, மழைநீர் வடிகால், சப்ஸ்டேஷனுக்கு லேஅவுட்டில் இடம் ஒதுக்குற மாதிரி, குழாயும் விளக்கும் உள்ள விற்பனை இடத்துக்கும் ஒரு கட்டம் போடலாம். நாளைக்கு அந்த லேஅவுட்டை வரையப்போறது நம்மில் யாரோதான்.